ஆலங்குடி இன்ஸ்பெக்டரின் சிநேகிதர்

தொழில் இலாகா இன்ஸ்பெக்டர் குழந்தைசாமி ஆலங்குடிக்கு வந்து நாலு வருஷம் ஆகியும், அவரைச் சாப்பிடக் கூப்பிட ஓர் ஆள் கிடையாது. கூப்பிட்டவர்களை எல்லாம் முதல் வருஷமே அவர்தான் விரட்டிவிட்டார். செய்த வேலை அப்படி. சிறுதொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிய கடன், நிதிக் கம்பெனிகள் கை வழியாகத்தான் போகும். எந்தக் கம்பெனி யோக்கியம், எது தில்லுமுல்லு என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. ஒருத்தர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு அவர்மேல் குறை எழுத முடியுமா என்று பயந்தார். மனைவி செத்து, பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போனபிறகு, சோற்றைத் தானே வடித்துக்கொண்டு மனுஷன் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தார்.

ஆத்மநாதன் ஒருத்தர்தான் விலக்கு. தேங்காய் வியாபாரி. சாயங்காலம் குளக்கரையில் வந்து உட்கார்ந்து, கடலை விளைச்சலையும் பஸ் வராததையும் பற்றிப் பேசுவார். "அண்ணே" என்பார். ஒரு காரியமும் கேட்டதில்லை. குழந்தைசாமி பகல் முழுக்க அந்தப் பேச்சுக்காகத்தான் காத்துக்கிடந்தார்.

அந்த ஆத்மநாதன் மச்சானோடு சேர்ந்து நடத்திய நிதிக் கம்பெனியும் ஒருநாள் அரசாங்க அங்கீகாரம் கேட்டு மனுப் போட்டது. குழந்தைசாமிக்குத் தூக்கம் போயிற்று. நல்லதாக எழுதினால் சிநேகிதத்துக்காக எழுதினான் என்பார்கள். கெட்டதாக எழுதினால் சிநேகிதம் போச்சு. முகாம் வந்த மேலதிகாரியிடம் நேரே போய்ச் சொன்னார்.

"அவர் என் சிநேகிதருங்க சார். வேற ஆளைப் போடுங்க."

வாழ்நாளில் ஒரு மனுஷனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மனு விஷயமாக வெளியே காத்திருந்த ஆத்மநாதனை அதிகாரி உள்ளே கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் உங்க சிநேகிதராமே?"

ஆத்மநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மனு கெட்டுப்போகும் என்று பயம். குழந்தைசாமி பக்கம் திரும்பவே இல்லை.

"அதெல்லாம் இல்லைங்கய்யா. கடைவீதியில பாத்திருக்கேன். முகப்பழக்கந்தானுங்க."

"அப்புறம் என்ன? நீங்களே பாருங்க," என்று அதிகாரி குழந்தைசாமியிடம் சொல்லி முடித்துவிட்டார்.

குழந்தைசாமி பார்த்தார். கணக்கு வழக்கு சுத்தம். மச்சான் கறார்ப் பேர்வழி, ஆனால் யோக்கியன். அங்கீகாரம் கொடுக்கலாம் என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் ஆத்மநாதன் குளக்கரைக்கு வந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லலேன்னா ஒங்களுக்குந்தானே கெட்ட பேரு, அண்ணே?"

"தெரியுங்க."

தெரிந்துதான் இருந்தது. கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் சண்டை போட்டாவது சரியாகியிருக்கும். மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தார்கள், பேச்சு ஓடவில்லை. அப்புறம் ஒருநாள் அவருக்கு வேலை, ஒருநாள் இவருக்கு உடம்பு சரியில்லை. இப்படியே குளக்கரைக்குப் போவது நின்றுபோனது.

அடுத்த வருஷம் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மறுபடி சோதனை வந்தது. அதே அதிகாரி சிரித்துக்கொண்டே, "என்ன, இந்தத் தடவையும் சிநேகிதர்தானா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். முகப்பழக்கந்தான்," என்றார் குழந்தைசாமி.

உண்மையைத்தான் சொன்னார்.