ஜோசபின் டீச்சரின் எருமை

ஜோசபின் டீச்சரின் சின்தசைசர் கீபோர்டுக்கு எருமை என்று பெயர் வைத்தவன், மெல்லிசைக் குழுவில் அவரோடு ரிதம் பேட் வாசிக்கும் அழகுராஜா. கறுப்பு நிறம். அகன்ற உடம்பு. சுவிட்சைப் போட்டாலும் அரைமணி நேரம் சூடேறினால்தான் ஒழுங்காகப் பேசும். வெயில் கூடினால் சொன்ன பேச்சைக் கேட்காது. இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று அவன் எல்லோரிடமும் நியாயம் கேட்டான். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "எருமைன்னே சொல்லுங்கடா. பால் குடிக்கிறது நீங்கதானே" என்றார்.

டீச்சருக்கு இப்போது வயது அறுபத்திரண்டு. மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; வீடு ஆனையூரில். அப்பா, கிராமத்துச் சபைகளில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார். அவரோடு ஊர் ஊராகப் போய் கோயில் ஆர்மோனியத்தில் விரல் பழகியவர். 1986இல் சத்தியசீலனுக்கு நிச்சயமானபோது, கழுத்துக்கு என்ன நகை வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தை மூடுகிறார்கள், அங்கே ஜப்பான் சின்தசைசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அது வேண்டும் என்றார் மணப்பெண். மாமியாருக்கு அது இன்னதென்று புரியவே ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு அழுதார். பெட்டி, மெத்தையில் சுற்றி ரயிலில் வந்து சேர்ந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த அன்று டீச்சர் கழுத்தில் கிடந்தது அக்காவிடம் இரவல் வாங்கிய சங்கிலி.

அன்றிலிருந்து மதுரையைச் சுற்றி டீச்சரும் எருமையும் ஏறாத திருவிழா மேடை குறைவு. மேடையில் பாட வந்த பெண்களையே ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. கருவி வாசிக்க வந்த பெண்ணை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. டீச்சர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நேரமும் இருந்ததில்லை. எருமைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பாட்டுக்கு நாதஸ்வரம் மாதிரி ஊத வேண்டும், அடுத்த பாட்டுக்கு உறும வேண்டும் என்றால், அதன் முகத்தில் இருக்கிற திருகுகளை எல்லாம் கையால் திருப்பி வைக்க வேண்டும். அதுவரை அழகுராஜா மைக்கைப் பிடித்து ஏதாவது பேசிச் சமாளிப்பான். குழுவில் அதற்கு எருமை இடைவேளை என்று பெயர்.

அந்த இடைவேளைதான் அசோக்குமாருக்கு ஆகவில்லை. குழு அவனுடையது. பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காய மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் மாடியில் ஒத்திகை நடக்கும். போன பங்குனியில் ஒரு நாள், ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் மாடியேறி வந்தான். பிரித்தால், உள்ளே எருமை. அதே கறுப்பு, அதே திருகுகள், அதே எழுத்து. அளவு மட்டும் பாதி. அதே கம்பெனி, பழைய சின்தசைசரை அச்சு அசலாகப் பார்த்துப் புதிதாகச் செய்து விற்கிறது என்றான்.

"அடடா, எருமை கன்னு போட்டிருக்குண்ணே!" என்று அழகுராஜா கூவினான்.

அசோக்குமார் சிரிக்கவில்லை. "டீச்சர், நான் சொல்றதைக் கோவப்படாமக் கேளுங்க. நூறு பாட்டுக்கு உண்டான செட்டிங்கை இது உள்ளேயே வச்சுக்கிரும். பட்டனைத் தொட்டா அடுத்த பாட்டு. சுருதி இம்மி அசையாது. ஜெனரேட்டர்ல ஓடினாலும் அசையாது. நீங்க வச்சிருக்கிறதுக்கு உள்சாமான் எங்கேயும் கிடைக்கிறதில்ல. ஒரு நாள் மேடையிலேயே செத்துரும்."

"நானும்தான் ஒரு நாள் சாவேன். அதுக்காக இப்பவே ஆள் மாத்திருவியா?"

"நீங்கதான் வாசிக்கணும்னுதானே இம்புட்டு நேரம் பேசுறேன்! பெட்டியைத்தான் மாத்தச் சொல்றேன்."

"பழசுல இருக்கிற சத்தம் இதுல வராது."

அந்த ஒரு வார்த்தையை டீச்சர் விட்டிருக்க வேண்டாம். அசோக்குமார் அதைப் பிடித்துக்கொண்டான். அழகுராஜாவின் வேட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பெட்டிகளையும் அதற்குப் பின்னால் வைத்தார்கள். ஒரே வரியை இரண்டிலும் அவன் வாசிப்பான். எது எருமை என்று டீச்சர் சரியாகச் சொல்லிவிட்டால், பிறகு இந்தப் பேச்சே கிடையாது. தப்பாகச் சொன்னால், அடுத்து வருகிற உசிலம்பட்டித் திருவிழாக் கச்சேரியில் டீச்சர் கன்றுக்குட்டியில் வாசிக்க வேண்டும். பாடகி சரண்யாதேவி, "வேணாம் டீச்சர், இவங்க விளையாடுறாங்க" என்று கையைப் பிடித்தாள். டீச்சர் கையை உதறிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் பெட்டி பேசியது. இரண்டாவது பேசியது. டீச்சர் கண்ணை மூடி இன்னொரு தடவை கேட்டார்.

"ரெண்டாவதுதான் என்னுது."

வேட்டியை விலக்கினார்கள். இரண்டாவது, கன்று.

"போச்சு! பெத்தவளுக்கே அடையாளம் தெரியலையே. எருமை மனசு என்ன பாடுபடும்?" என்றான் அழகுராஜா. கீழே வெங்காயம் பொறுக்குகிற பெண்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சிரிப்பு எழுந்தது.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. அறையில் எதிரொலி, காதில் அடைப்பு என்று சொல்லித் தப்பிக்க வழிகள் இருந்தன. "தோத்துட்டேன். உசிலம்பட்டியில கன்னுல வாசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

திருவிழா நாளன்று கணவர் சத்தியசீலன் ஆம்னி வேனின் பின்சீட்டை மடக்கி எருமையை ஏற்றினார். அவர் மிஷன் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். வருடத்துக்கு இரண்டு தடவை அந்தப் பெட்டியைத் திறந்து தூசி எடுத்து, தேய்ந்த கம்பியை மாற்றிக் கொடுப்பது அவர்தான்.

"வாசிக்கப் போறதில்ல. பிறகு எதுக்கு இது?"

"சும்மா இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"சரி. கச்சேரிக்குக் கூப்பிடாத வித்வானைக் காருக்குள்ள வச்சுக் கூட்டிட்டுப் போறோம்."

உசிலம்பட்டிக்கு வெளியே, கோயிலை ஒட்டிய பொட்டலில் மேடை. மாலை ஏழு மணிக்குச் சாமி பாட்டோடு கச்சேரி தொடங்கியது. கன்றுக்குட்டி, பட்டனைத் தொட்டவுடன் தயாராக நின்றது. இடைவேளை இல்லை. அழகுராஜாவுக்குப் பேச வேலையில்லாமல் போனது.

இரண்டாவது பாட்டில்தான் கோளாறு ஆரம்பித்தது. மேடை விளக்கின் சூட்டில் எருமையின் சுருதி மெல்ல நழுவும். நழுவுகிற வேகத்துக்கே டீச்சரின் இடது கை சுருதித் திருகை மயிரிழை திருப்பி அதை நிறுத்தும். வலது கை வாசிக்க, இடது கை காவல் காக்கும். அந்தக் கைக்கு அன்றும் பழக்கம் போகவில்லை. கன்றின் சுருதி நழுவவே இல்லை. கைதான், அது நழுவினதாக நினைத்துத் திருப்பியது. சரியாக நின்ற ஸ்வரத்தை டீச்சரே கெடுத்தார். சரண்யாதேவி, தப்பு தன்னுடையது என்று நினைத்துத் தானும் ஏறினாள். புல்லாங்குழல்காரர் வாயிலிருந்து குழலை எடுத்து அதன் துளைகளைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் அசோக்குமார் மைக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். "கையை எடுங்க டீச்சர். அது தானா நிக்கும்."

"எடுத்துட்டேன்."

எடுக்கவில்லை. மூன்றாவது பாட்டிலும் கை போனது. நான்காவது பாட்டுக்கு முன்னால் அவன், ஒயர் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கிழித்து, அந்தத் திருகின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். முன்வரிசையில் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"டேப்பை எடு அசோக்கு."

"சுருதி போகுது டீச்சர்."

"போறது என் கையால. கையைத் திட்டு. ஒட்டுப் போடாதே."

"கச்சேரி முடியட்டும். எடுக்கிறேன்."

டீச்சர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த மூன்று பாட்டுகளை வாசித்தார். அப்பழுக்கில்லாமல் வந்தன. குழல்காரரே தலையாட்டினார். டீச்சருக்கு மட்டும், நடுவில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் இந்தப் பெட்டி இப்படியேதான் நிற்கும் என்று தோன்றியது. காவல்காரனுக்குச் சம்பளம் கொடுத்து, நீ தூங்கு என்று சொன்ன மாதிரி இருந்தது. சத்தத்தைப் பற்றித் தான் சொன்னது தப்பு என்பது பரவையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தனக்கு என்ன வேண்டும் என்பது உசிலம்பட்டியில்தான் தெரிந்தது.

ஆறாவது பாட்டுக்குப் பிறகு கமிட்டித் தலைவர் காசிமாயன் மேடையேறினார். இந்தப் பக்கத்துக் கச்சேரிகளில் பாதியில் நிறுத்தி, நன்கொடை கொடுத்தவர்களுக்கெல்லாம் துண்டு போர்த்துவது வழக்கம். ஒருவர் பெயரையும் விட முடியாது. விட்டால் அடுத்த வருடம் திருவிழாவே இரண்டாகும். துண்டுக் கட்டு இடுப்பு உயரத்துக்கு வந்து இறங்கியது; போர்த்தி முடிக்க அரைமணி நேரத்துக்குக் குறையாது. எத்தனையோ வருடமாக அந்தக் கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட டீச்சர், அன்று அதைப் பார்த்து எழுந்தார். மேடைக்குப் பின்னால் போய், "ஏங்க, வித்வானை இறக்குங்க" என்றார்.

சத்தியசீலன் வேனின் பின்கதவைத் திறந்தார். அழகுராஜா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். மேடையின் ஓரத்தில் அசோக்குமார் குறுக்கே நின்றான்.

"டீச்சர், பந்தயம் என்ன? பேச்சு மாறலாமா?"

"உசிலம்பட்டியில கன்னுல வாசிக்கிறேன்னு சொன்னேன். ஆறு பாட்டு வாசிச்சுட்டேன். முழுக் கச்சேரியும்னு எப்ப சொன்னேன்?"

"இது வக்கீல் பேச்சு."

"வக்கீல் பேச்சுதான். ஒட்டுப் போட்டது யாரு?"

அசோக்குமார் குரலைத் தாழ்த்தினான். "இது மேடை ஏறுச்சுன்னா, அடுத்த கச்சேரியில நீங்க இல்ல. எங்க அக்கா மக மீனா வாசிப்பா. இதைச் சொல்ல எனக்கு ஆசையில்ல."

இந்தக் குழுவை விட்டால் டீச்சருக்கு வேறு குழு இல்லை. அறுபத்திரண்டு வயதுப் பெண்ணை இனி எந்தக் குழுவும் தேடி வராது. அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். டீச்சர் ஒரு நிமிடம் கன்றுக்குட்டியைப் பார்த்தார். பிறகு, "அழகுராஜா, அந்த மூலையில வை. ஒயரை மிதிச்சுராதே" என்றார்.

எருமை சூடேறியது. மேடையின் முன்னால் காசிமாயன், "பால் பண்ணை அதிபர், அண்ணன்..." என்று ஆரம்பித்து நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். துண்டுகள் தீரும் நேரத்துக்குச் சுருதி நிலைக்கு வந்துவிட்டது. இறங்கிப் போகிற வழியில் காசிமாயன் நின்று பார்த்தார். "என்ன டீச்சரம்மா, பாதியில பெட்டி மாறுது? பழசு ரிப்பேரா?"

"இல்லைங்கய்யா. இதுதான் பழசு."

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு, அவர் தன் துண்டைச் சரிசெய்துகொண்டு போனார்.

இரண்டாவது பாதியில் எருமை இடைவேளைகள் திரும்பி வந்தன. அழகுராஜா காசிமாயனின் துண்டுகளை வைத்தே நான்கு ஜோக் அடித்தான். பத்தாவது பாட்டில் மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் உறுமியது. எருமை இறங்கப் பார்த்தது. டீச்சரின் கை தூக்கி நிறுத்தியது. களைத்துப்போயிருந்த சரண்யாதேவி சரணத்தில் ஒரு இழை இறங்கினாள். கை, கேட்காமலே அவளோடு இறங்கி, பல்லவிக்கு அவளோடு ஏறி வந்தது. சரண்யாதேவி பாடிக்கொண்டே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கூட்டத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர் முதல் பாதியில் எப்படிக் கடலை உரித்தாரோ, அப்படியே இரண்டாம் பாதியிலும் உரித்தார்.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுற்றும்போது சரண்யாதேவி டீ கொண்டுவந்தாள். "டீச்சர், சரணத்துல நான் இறங்கிட்டேன்ல?"

"எங்கே இறங்கினே? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அசோக்குமார் வந்து நின்றான். "பாத்தீங்கள்ல டீச்சர்? ஒரு ஆளுக்காவது வித்தியாசம் தெரிஞ்சுச்சா?"

"இல்ல."

"உங்களுக்கே கேட்டா தெரியல."

"தெரியலதான்."

"பிறகு எதுக்கு இந்த வீம்பு?"

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார். "கேட்டாத்தான் தெரியல தம்பி. வாசிச்சா தெரியுது. அந்தக் கன்னு நான் இல்லாமலே சுருதியில நிக்கும். எருமை நிக்காது. என்னை வச்சுத்தான் நிக்கும். நீ வீம்புன்னு சொன்னா வீம்பு. இருந்துட்டுப் போகட்டும்."

அசோக்குமார் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. டேப் சுருளை விரலில் சுற்றிக்கொண்டே, "மீனாவுக்கு ஒரு நாலு நாள் வந்து சொல்லிக் குடுத்துட்டாவது போங்க" என்றான்.

"அதுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்க? அதுதான் நூறு பாட்டும் தெரிஞ்சு வந்திருக்கே!"

அழகுராஜா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றான்.

ஆம்னி வேன் மதுரைச் சாலையில் ஏறியது. சத்தியசீலன் கேட்டார். "இனி என்ன செய்யப் போறே?"

"வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நம்ம மொட்டைமாடியில வாசிக்கப் போறேன்."

"யாருக்கு?"

"கேக்கிறவனுக்கு. கேக்காதவன் ஜன்னலைச் சாத்திக்கட்டும்."

"ஆனையூர்க்காரங்க போலீஸைக் கூப்பிடுவாங்க."

"வரட்டும். வர்றவங்களுக்கு நீங்க துண்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஜோசபின் டீச்சர் காலை நீட்டி உட்கார்ந்தார்.