ஐந்தாம் வகுப்புச் சோறு

பெற்ற பெண்ணையே பெயில் போடச் சொன்னவள் என்றுதானே குழாயடியில் பேசுகிறீர்கள்? ஆமாம், பட்டம்மாள் அப்படித்தான் கேட்டாள். அன்றைக்கு அவளுக்குத் துணையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மந்தாரக்குப்பத்தில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் இல்லை. நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கரி ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிக் கூடையில் சுமக்க வேண்டும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் கரி இருக்கும். காலையில் தெருப் பிள்ளைகளை நிறுத்தி, "இன்னிக்கு இஸ்கூல் உண்டாடா?" என்று கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புவாள். உண்டென்றால் மகள் கனகத்துக்கு மத்தியானம் சத்துணவு. லீவென்றால், "எவன்டா செத்தான், லீவு வுட்டுட்டானுங்க?" என்பாள். அந்த வீட்டில் உலை ஏறுவது ராத்திரி மட்டும்தான்.

சத்துணவு வந்த புதிதில் சோறு ஐந்தாவது வரைக்கும்தான். கனகம் ஐந்தாவது முடிக்கிற நேரம், ஹெட்மாஸ்டர் சண்முகசுந்தரத்தின் முன்னால் போய் நின்றாள் பட்டம்மாள்.

"எம் பொண்ண பெயில் போட்ருங்க சார்."

"ஏம்மா, கிளாஸ்லயே நல்லாப் படிக்கிற பொண்ணும்மா அது!"

"ஆறாவதுல சோறு கெடையாதுன்றாங்களே. இன்னும் ஒரு வருசம் இங்கியே குந்திக்கினு துன்னட்டும் சார்."

அவர் நல்ல மனிதர். பாஸ் போட்டுவிட்டார். "பாஸாயிட்டா ஆயா" என்று இழவு சொல்வதுபோல என்னிடம் வந்து சொன்னாள் பட்டம்மாள்.

ஆறாவதில் கனகம் மத்தியானத்துக்குக் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு படித்தாள். தீபாவளிக்கு முன்னால் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். என்னால் முடிந்தது கஞ்சித்தண்ணி. குழாயடியில் வாய் கிழியப் பேசுகிறாயே பொன்னம்மா, நீ என்ன கொடுத்தாய்? பெரிய வகுப்புக்கும் சோறு வந்தது மறு வருஷம். அதுவரைக்கும் வயிறு காத்திருக்குமா?

மைன்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு பெர்மனென்ட்காரர் வீட்டில் வேலைக்குப் பெண் கேட்டார்கள். மூன்று வேளைச் சோறு, அங்கேயே தங்கல்.

கனகம் அங்கே புறப்பட்ட அன்று, அவள் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பாவாடையைத் திணித்தாள் பட்டம்மாள். பள்ளிக்கூடத்துச் சோற்றுக்குக் கொண்டுபோன அலுமினியத் தட்டு பைக்குள் போகவில்லை. கனகம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தட்டு எதுக்கும்மா? அங்க இருக்காதா?"

"அவங்க தட்டுல ஒனக்குப் போட மாட்டாங்கடி."

வாசல் இறங்கினார்கள். அன்று பட்டம்மாள் யாரையும் நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளே ஓடிவந்து கத்தினார்கள்:

"பெரிம்மா, இன்னிக்கு இஸ்கூல் உண்டு!"

பட்டம்மாள் மகள் கையிலிருந்த தட்டை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள்.