கிரிப்டோ மாநாட்டில் பூட்டு விற்ற இரண்டு நாள்

கண்ணுக்குத் தெரியாத பணத்துக்குக் கையில் பிடிக்கிற பூட்டு விற்பது என் தொழில்.

கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் என்னைப் பார்ப்பார், பிறகு பாயசத்தைப் பார்ப்பார். அதனால் விளக்கிவிடுகிறேன். கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவரிடம் மீட்புச் சொற்கள் என்று சில சொற்கள் இருக்கும். அந்தச் சொற்கள் யாருக்குத் தெரியுமோ அவருக்கே பணம். களவு போனால் ஓடிப் போய் அழ ஒரு வங்கி கிடையாது, மேனேஜர் கிடையாது. அந்தச் சொற்களைப் பூட்டி வைக்கத் தீப்பெட்டி அளவில், சின்னத் திரையோடு ஒரு மின்னணுப் பெட்டியை வடிவமைத்தவர் மலர் அக்கா. மலேசியாவில் பினாங்குப் பக்கம் சுங்கை பாக்காப் ஊர்க்காரர். பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகளில் பொறியாளராக இருந்துவிட்டு, "போதும்லா, இனி என் சாமான நானே செய்றேன்" என்று வெளியே வந்தவர். எங்கள் கம்பெனி என்பது அக்காவும் நானும்தான். செய்வது அவர், விற்பது நான்.

பத்து காவான் என்ற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலை எங்கள் பெட்டியைச் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் திங்கட்கிழமைக்குள் ஒரு மொத்த ஆர்டரையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் எங்களுக்காக ஒதுக்கிய இடம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். அக்கா பழைய முதலாளியிடம் திரும்புவார், நான் பழையபடி வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்கப் போவேன். நடுவில் எங்களுக்கு இருந்த ஒரே வழி, ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றில் சனி, ஞாயிறு நடந்த கிரிப்டோ மாநாடு. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்க ஒரு பூத்தில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். உட்காருங்கள், சொல்கிறேன்.

என் அபாரமான யோசனை

எங்கள் பூத்தை அலங்கரிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். தலைக்கு மேல் பெரிய பேனர், பேனர் முழுக்க ஒரே ஒரு கியூஆர் கோடு. போனைக் காட்டினால் எங்கள் கதை முழுவதும் வந்துவிடும். கார்டிலும் அதேதான், பெயர், நம்பர் எதுவும் இல்லை. இந்தக் காலத்து ஆட்கள், இந்தக் காலத்து முறை என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். காலை முழுவதும் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் ஏறுகிற கூட்டத்திலாவது யாராவது நின்று மூச்சு வாங்குவார்கள். இங்கே எங்கள் பேனரைப் பார்த்ததும் எல்லோரும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. கடைசியில் சுருட்டை முடியோடு ஒரு பெண் நின்றாள். கார்டை நீட்டினேன். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி குனிந்து பார்த்தாள். முன்பின் தெரியாதவன் நீட்டுகிற கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அவள் கோபப்படவில்லை. என் மேல் இரக்கப்பட்டாள், அதுதான் வலித்தது. சொன்னாள்: "அண்ணே, பூட்டு விக்கிற நீங்களே கதவத் திறன்னு சொன்னா எப்படிலா?"

பாண்டா எந்த ஊரு?

பேனரைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, கார்டுகளில் குணா என்ற என் பெயரையும் நம்பரையும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது முகக்கவசமும் தொப்பியும் போட்ட ஓர் ஆள் வந்தார். கழுத்து அட்டையில் 'தூங்கும் பாண்டா' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இந்த கிரிப்டோ உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான். பெயர் சொல்ல மாட்டார்கள், முகம் காட்ட மாட்டார்கள். எதற்கு வம்பு, கடத்தல்காரனுக்கு முகவரி கொடுத்தது போலாகிவிடும் என்ற பயம். மலர் அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அவருக்கு யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ஊரு, இரண்டாவது கேள்வி யாரு வீட்டுப் பிள்ளை. பாண்டா ஒரு வார்த்தை தமிழில் பேசியதும் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

பாண்டா பேச்சை மாற்றி, பெட்டியைக் கேட்டு வாங்கினார். உலுக்கினார், திருகினார், நகத்தால் நெம்பினார். பிறகு என்னைப் பெட்டியோடு உட்கார வைத்து, மாதிரிச் சொற்களைத் தட்டச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நான் தட்டத் தட்ட அங்கிருந்தே ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கள் பெட்டியின் திரை அவ்வளவு பளிச்சென்று இருந்தது! நான் அவமானத்தில் வியர்த்தேன். அக்காவோ புதையல் கிடைத்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். திரையை எப்படி மங்கலாக்குவது, பக்கவாட்டில் தெரியாமல் எப்படி மறைப்பது என்று அந்த மனிதர் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை, நன்றிகூட எதிர்பார்க்கவில்லை. பெயரை ஒளித்து வைக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒளித்து வைப்பதில்லை என்று அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. எழுந்தபோது அக்கா விடாமல் மறுபடியும் ஊரைக் கேட்டார். பாண்டா கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "வேணாங்க்கா. ஊரச் சொன்னா உங்களுக்கு எங்கம்மாவத் தெரிஞ்சிரும்."

பை மட்டும் போதும்

இது ஒரு நிமிட சமாச்சாரம், ஆனாலும் விட மனமில்லை. டை கட்டிய ஒரு பெரியவர் பூத் பூத்தாக வந்தார். ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாகத் தலையாட்டி, முழு விளக்கத்தையும் கேட்டு, இலவசத் துணிப்பையை வாங்கிக்கொண்டார். என்னிடமும் கேட்டார். நானும் உயிரைக் கொடுத்து விளக்கினேன். முடிந்ததும் கையை நீட்டினார். எங்களிடம் பை இல்லை என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. அந்த மண்டபத்தில் எல்லோரும் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தனக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். போகும்போது எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரவால்ல தம்பி, அடுத்த தடவ பை போடு. பாசாருக்குக் காய் வாங்கப் போறப்ப உன் கம்பெனி பேரு நாலு பேருக்குத் தெரியும்."

சோற்று வரிசை

பக்கத்து பூத்தில் பரிதா. புதிய கம்பெனிகளுக்கு அரசாங்க விதிமுறைகளை விளக்கி, உரிமம் வாங்க உதவுகிறவள். வீட்டாருக்குச் சோறும் பல வகைக் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடை. சட்டம் படிக்கப் போகும் வரை கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவள். காலை முழுவதும் தன் பூத்தில் போன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாவம், இவளுக்கும் நம் நிலைதான் என்று நினைத்தேன். மதிய உணவு நேரம் வந்ததும் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள் பாருங்கள், அப்போதுதான் அவளுடைய வேலை நேரமே ஆரம்பித்தது.

சாப்பாட்டு வரிசையில் ஒருவர் தட்டில் வெள்ளைச் சோற்றை வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றார். பெயர் ராஜன். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை கைப்பேசிக் கடைகள் வைத்திருப்பவர். எங்களுக்கு யார் வேண்டுமோ அவரேதான். நான் பேனாவால் திருத்திய கார்டை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். பரிதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு ஹோட்டல்காரர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு மூன்றையும் கலந்து, எங்கள் ஊர்க் கடைகளில் 'பஞ்சிர்' என்பார்களே, அப்படிச் சோறு மிதக்க மிதக்க ஊற்றினாள். ராஜன் ஒரு வாய் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவள் தன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடை எப்படிப் போகிறது, எதில் தலைவலி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திருட்டுப் பயம்தான், வாடிக்கையாளர்கள் பணத்தை இழந்துவிட்டு என்னிடம் வந்து அழுகிறார்கள் என்றார் ராஜன். பக்கத்தில் நல்ல பூட்டு ஒன்று இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள் என்றாள். நான் இரண்டு நாளில் செய்ய நினைத்ததை அவள் ஒரு தட்டுச் சோற்றில் முடித்துவிட்டாள். எப்படி இது என்று கேட்டேன். பரிதா கரண்டியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "பசில நிக்கிறவன்கிட்ட போயி கார்ட நீட்டுறியே குணா, அவன் அதயா திம்பான்?"

குறுக்கே வந்த கை

ராஜன் வந்தார். தனியாக அல்ல, அவருடைய கடைக்காக வீடியோ எடுக்கும் பிள்ளைகள் கேமராவோடு சுற்றி நின்றார்கள். வேடிக்கை பார்க்கவும் கூட்டம் சேர்ந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பத்து நிமிடம் நான் பேசியதில்லை. ராஜன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஆர்டர் கையில் விழுந்த மாதிரிதான். அப்போது அவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "என் சொந்தப் பணத்தையே இதுல போட்டுக் காட்றேன், வீடியோவுல வரட்டும்" என்றார். மீட்புச் சொற்கள் அவருக்கு மனப்பாடம். முதல் சொல்லை வாய்விட்டுச் சொல்லியபடியே தட்டினார். அடுத்ததையும் தட்டினார். அந்தப் பளிச்சென்ற திரை, கேமரா, பின்னால் நிற்கும் கூட்டம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. சத்தியமாக, என் கண்ணிலும் படவில்லை. எனக்கு ஆர்டர் மட்டும்தான் தெரிந்தது.

மலர் அக்காவின் கை குறுக்கே வந்து திரையை மூடியது. இன்னொரு கை ராஜனின் வாய்க்கு நேராகப் போய் நின்றது. தொடவில்லை, ஆனால் இன்னும் ஒரு சொல் வந்திருந்தால் பொத்தியிருப்பார். ராஜன் முகம் சிவந்துவிட்டது. "நான் வாங்கப் போற சாமான நான் தொட்டுப் பாக்கக் கூடாதாம்மா?" என்றார். "தொடுங்க, ஒடைச்சுக்கூடப் பாருங்க. ஆனா அந்த வார்த்தைங்கள எங்க முன்னால சொல்லாதீங்க, யாரு முன்னாலயும் சொல்லாதீங்க" என்றார் அக்கா. ராஜன் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பிள்ளைகளும் கேமராவும் பின்னாலேயே போயின.

நான் கோபத்தோடு அக்கா பக்கம் திரும்பினேன். வந்த ஒரே வாடிக்கையாளரைத் துரத்திவிட்டீர்களே, மெதுவாகக் காதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். காதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது சொல் வந்திருக்கும் என்றார் அக்கா. பத்து காவான் இனி இல்லை என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டிக்காக வேலையை விட்டவர் அவர். ஆனாலும் மேசைத் துணியை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் அவருக்கு முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. அக்கா சொன்னார்: "அவரு வாங்காட்டி போவட்டும் குணா. நம்ம பூட்டுக்கு முன்னால நின்னுதான் பறிகொடுத்தேன்னு ஒருத்தர் சொல்லிறக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் கூட்டம் பாதியாகிவிட்டது. மேசையின் ஒரு மூலையில் நான், மறு மூலையில் அக்கா. பரிதா மட்டும் அடிக்கடி வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனாள். மூட்டை கட்ட ஆரம்பித்த நேரத்தில் ராஜன் வந்து நின்றார். கேமரா இல்லை, பிள்ளைகள் இல்லை. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாராம். தட்டிய இரண்டு சொற்களும் கண்ணாடி போலத் தெரிந்தனவாம், குரலும் தெளிவாகக் கேட்டதாம். அதற்கப்புறம் திரையில் ஒரு பெண்ணின் உள்ளங்கை மட்டும். ராஜன் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்கே தெரியாத சேமிப்பாம் அது. வீடியோவை அழித்துவிட்டு, உடனே பணம் முழுவதையும் புதிய சொற்களுக்கு மாற்றிவிட்டார். பெட்டியின் திரையை முதலில் மங்கலாக்குங்கள், பிறகு என் எல்லாக் கடைக்கும் அனுப்புங்கள் என்றார். அக்கா உடனே பாண்டா சொன்ன திருத்தங்களை ஒன்று விடாமல் சொன்னார், அதைச் சொல்லிக் கொடுத்தது பாண்டாதான் என்பதையும் சேர்த்து. திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அங்கேயே நின்று பத்து காவானுக்குப் போன் போட்டு, ஆர்டர் வந்துவிட்டது, எங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். நான் பேசி முடிப்பதற்குள் ராஜன் ஒரு நிபந்தனையும் போட்டார்: "சாமான் மெதுவா வரட்டும். மொதல்ல இந்த அக்கா என் கடைப் பிள்ளைங்களுக்கு எப்பக் கையக் குறுக்க போடணும்னு கத்துக் குடுக்கணும்."

இரண்டு நாள் நான் வாய் வலிக்கப் பேசியும் விற்காத பூட்டை அக்கா விற்க மறுத்தே விற்றுவிட்டதால், இப்போதெல்லாம் மாநாடு என்றால் பூத்தை அவரிடம் விட்டுவிட்டுச் சோற்று வரிசையில் கரண்டியோடு நிற்பதுதான் என் உத்தியோகம்.