ஹீட்டர் ராடில் படிந்த உப்பு

2006 மார்கழியில் நடந்தது இது. அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் போர்வெல் தண்ணீர்தான். அதன் உப்பு ஹீட்டர் ராடில் சுண்ணாம்பாகப் படிந்து, ஒரு வாளி தண்ணீர் சுடவே வெகுநேரமானது. சலவைப்பட்டறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், "இதுல ஊற வைங்க, தானா உதிர்ந்துரும்ங்க" என்று ஒரு பாட்டில் ஆசிட் கொடுத்தார்.

ஞாயிறு காலை, குளியலறையில் இருந்த வாளியில் ராடை நிறுத்தி ஆசிட்டை ஊற்றினேன். அடியில் கிடந்ததை வெறும் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன். என் மனைவி வெள்ளை பனியன்களை ஊற வைத்து எடுத்த பிளீச்சிங் பவுடர் தண்ணீர் அது. உடனே நெடியான புகை கிளம்பி, கண் எரிந்து மூச்சடைத்தது. இருமல் கேட்டு ஓடி வந்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை வெளியே இழுத்துப் போட்டாள்.

அது குளோரின் வாயு என்றும், கதவு சாத்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றும் மருத்துவர் சொன்னார்.

"உலகப் போர்ல இந்தப் புகையைத்தான் விட்டாங்கன்னு கதை சொன்னதே நீங்கதானுங்களே" என்றாள் மனைவி, திரும்பும் வழியில்.

இப்போது மாதம் ஒருமுறை ராடை வாசலில் வைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்த வெந்நீரில் ஊற வைக்கிறேன். வாளி காலியாகத் தெரிந்தாலும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எதையும் ஊற்றுகிறேன்.