இல்லாத கைப்பிடி

எஹலியகொடப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு மின்சார டைப்ரைட்டர் வந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விசையைத் தொட்டாலே வரி மாறும், பிழைகூட அழியும்! பழைய கை மெஷினை விடாத பெரிய கிளாக்கரைப் பந்தயத்துக்கு இழுத்தேன். இருவருக்கும் ஒரே கடிதம். முதல் வரி முடிவில் மணி அடித்ததும், பத்து வருடப் பழக்கத்தில் என் இடது கை, வரி தள்ளும் கைப்பிடியைத் தேடிப் பாய்ந்தது. புது மெஷினில் கைப்பிடி ஏது? பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துத் துரையின் தொப்பி பறந்தது.

“மன்னிச்சுக்கங்க தொரை!” என்று கத்தினேனே தவிர, தட்டுவதை நிறுத்தவில்லை.

“மெசின் புதுசு, தம்பி. கை பழசு,” என்றார் கிளாக்கர், தலை நிமிராமல்.

மறுபடி மணி அடித்தது. அப்போதுதான் தொப்பியை எடுத்து மாட்டியிருந்த துரை, தானே அதைக் கழற்றிக்கொண்டு குனிந்தார்.