லோடக்கா மாட்டிய சைலன்சர்

வீட்டுச் சாமான் லோடு அடிப்பதால், வீடு மாறுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் லோடக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது கணவன் ஒருவன்தான் மிச்சம். அவனும் கோபம் வந்தால்தான் கூப்பிடுவான். ஒரு பழைய டீசல் பிக்கப், ஒரு தார்ப்பாய், சில கட்டுக் கயிறு, இவ்வளவுதான் அவளுடைய தொழில்.

வண்டி முதலில் அவனுடையது. மாடிப்படியில் யார் வீட்டு ஃபிரிட்ஜையோ முதுகில் சுமந்து இறக்கியபோது அவன் இடுப்பு பிசகியது. அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டிலே கதி என்று ஆகிவிட்டது. "வித்துடலாம்" என்றான். அவள் விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டாள். ரிவர்ஸ் எடுத்து எதிர்வீட்டு கேட் தூணைச் சாய்த்தாள். தூணைக் கட்டிக் கொடுத்துவிட்டு மறுநாளும் ரிவர்ஸ் எடுத்தாள்.

"பொம்பளை ஓட்டற வண்டியில பீரோவை ஏத்தறதா?" என்று ஒருவர் இழுத்தபோது, "பீரோவுக்கு நான் பொம்பளைன்னு தெரியவா போகுது? நீங்க சொல்லாம இருந்தா சரி" என்றாள். பீரோ ஒரு கீறல்கூட விழாமல் போய்ச் சேர்ந்தது.

அவளுடைய வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு சாமான் ஏறியதும் அதைக் கட்டிவிட வேண்டும். சும்மா கட்டினால் போதாது, காலை முட்டுக் கொடுத்துக் கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். அது அசையாது என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். மொத்தத்தையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் கட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. சத்தம் ஊரைக் கூட்டியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளிகள் அவளைப் பார்த்ததும் கேட்டைச் சாத்தினார்கள். குழந்தை தூங்குகிறதாம், நோயாளி இருக்கிறாராம். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு யார் வீட்டைக் காலி செய்வது?

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தன் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினான். அந்த வண்டிமேல் அவனுக்கு வெகு நாளாக ஒரு கண்.

"கம்பெனி சாமான் இப்ப வர்றதே இல்ல அண்ணி. வெளிக்கடை சாமான் ஒத்து வராது. பேசாம வண்டிய நானே எடுத்துக்கறேன், விடுங்க."

கட்டிலில் இருந்தவன், "அவன் சொல்றதும் சரிதானே?" என்றான். தம்பி சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வா. நானே மாட்டறேன். வண்டி சத்தமில்லாம நின்னா எனக்கு. இல்லன்னா சாவிய நானே உன் கையில குடுத்துடறேன்."

வார்த்தையைக் கொட்டியாயிற்று. இனி அள்ள முடியாது. வண்டி போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்: அடுப்படியும், கட்டில் பக்கத்து நாற்காலியும்.

வெளிக்கடையில் முழு செட்டாக வாங்கி வந்தாள்: முன்குழாய், சைலன்சர் உருளை, பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் பின்குழாய், மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள், தொங்கவிட ரப்பர் வளையங்கள். ஞாயிறு காலை வாசலில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் புகுந்தாள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் அடித்தாள். ஒன்று வந்தது, ஒன்று தலை மழுங்கிப் போய் வர மாட்டேன் என்றது. ரம்பத்தை எடுத்து அறுத்தாள். துரு கண்ணில் விழுந்தது, முழங்கை சிராய்ந்தது. தெருவில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்குத் தெரியாத தொழில் உலகத்தில் உண்டா?

பழையது கீழே விழுந்ததும் தெம்பு வந்தது. முன்குழாயை மாட்டி இறுக்கினாள். உருளையைச் செருகி கிளாம்ப் போட்டு, ஸ்பேனர் முனகும்வரை இறுக்கினாள். சோப்புத் தண்ணீர் தடவி ரப்பர் வளையங்களை ஏற்றினாள். கடைசியில் பின்குழாயைச் செருகினால், அது நேராகப் போய் வண்டிக்கு அடியில் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயரில் இடித்தது. தள்ளினாள், உதைத்தாள், திட்டினாள். டயரை விட்டு நகரவில்லை. அதையும் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, சாக்கிலேயே மல்லாந்து கிடந்தாள். அழுகை வந்தது. அழுதுவிட்டு முகத்தைத் துடைத்தாள், கை கரியெல்லாம் முகத்துக்கு வந்தது.

வெயில் இறங்கியதும் கொழுந்தன் வந்தான். பட்டறைச் சட்டைகூடப் போடவில்லை, வெளுத்த சட்டையில் மாப்பிள்ளை போல வந்தான்.

"சொன்னேன்ல அண்ணி, ஒத்து வராதுன்னு." செருப்புக் காலால் பின்குழாயை ஒரு தட்டு தட்டினான். "பாருங்க, மாட்டும்போதே இம்மிகூட ஆடல. இப்படி இருந்தா எங்க போய் சேரும்?"

"குடுத்துடு, போகட்டும்" என்றான் ஜன்னலில் இருந்தவன்.

அவள் கொழுந்தனையே பார்த்தாள். "ஆடணுமா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்த விதமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுபடியும் அடியில் புகுந்தாள். பீரோவைக் கட்டுகிற மாதிரி இதைக் கட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முன்னால் விரல் அளவு திரும்பி நின்றதை அப்படியே இறுக்கினால் பின்னால் ஒரு சாண் தள்ளித்தானே போகும்? எல்லா கிளாம்பையும் தளர்த்தினாள். குழாய் வரிசை முழுவதும் தொளதொளவென்று தொங்கியது. பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உருளையைக் கொஞ்சம் திருப்பினாள். பின்குழாய் தானாகவே டயரை விட்டு விலகி, அச்சுக்கு மேலே போய், ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தது. சுற்றிலும் எங்கும் இடிக்கவில்லை என்று விரலை விட்டுப் பார்த்தாள். அதன்பிறகுதான் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வந்தாள்.

கட்டைகளை எடுத்து, ஜாக்கியை இறக்கி, ஏறி சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல், கொஞ்சம் கரும்புகை, பிறகு சீரான உறுமல். இறங்கிப் போய் ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தாள். எங்கும் காற்று கசியவில்லை. எதிர்வீட்டில் யாரோ தும்மியது தெளிவாகக் கேட்டது.

கொழுந்தனும் பட்டறைக்காரன்தானே, கை சும்மா இருக்குமா? "நல்லாத்தான் இருக்கு. ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாமா அண்ணி?" என்று ஓட்டுநர் கதவைத் திறக்கப் போனான்.

அவள் கதவில் கை வைத்தாள். "தாராளமா வா. அந்தப் பக்கம் ஏறு."

அவன் அண்ணனைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். வெளுத்த சட்டையோடு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினான்.

அவள் கியரைப் போட்டபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. இத்தனை நாளும் இந்த வண்டிச் சத்தத்தில் அவன் என்ன கத்தினாலும் அவளுக்குக் கேட்டதில்லை. இப்போது நன்றாகவே கேட்டது.

"டேய், கதவ நல்லா இழுத்து சாத்துடா. அவ வேகமா போவா."