ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை

நசரத்பேட்டையில் ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் காலையில் சமையலும் மதியம் தையலும் சொல்லிக்கொடுக்கிறேன். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் பத்துப் பேர் வருகிறார்கள். காலையில் சப்பாத்தி தேய்த்த நீள மேசையைத் துடைத்துவிட்டு, மதியம் அதன் மேல்தான் துணி வெட்டுவோம். தாளில் அவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டிப் பழகலாம். நல்ல துணியில் கத்தரி வைப்பது மட்டும் நான். பாழாகிவிட்டால் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம்.

ஒருநாள் ஒரு பெண், அம்மாவின் பட்டுப்புடவையோடு வந்த ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்தாள். மாம்பழ மஞ்சள், சிவப்புச் சரிகைக் கரை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கும் அந்த அம்மாவும் கூட வந்தார்.

"ஆறு மாசமா பேப்பரதான் வெட்டிகினு கீறா மிஸ்ஸு. வர்ற ஞாயித்துக்கெயம என் தம்பி ஊட்டு விசேஷம். இந்த ஜாக்கெட்டு ஒயுங்கா வந்துச்சின்னா கிளாஸுக்கு வரட்டும். இல்லாங்காட்டி என்கூட கம்பெனிக்கு இட்டுகினு பூடுவேன்."

அவர் போனதும் வெட்ட ஆரம்பித்தேன். என் இரண்டு வயது மகள் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். பொத்தானை வாயில் போட்டுவிடுவாளோ என்று நாலைந்து முறை குனிந்து பார்த்தேன். ஜாக்கெட் கையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஆழமாக வளையும்; அதனால் இடக்கைத் துண்டு வலக்கைக்குப் பொருந்தாது. துணி போதாமல் ஒவ்வொரு கையாக வெட்டினால், இரண்டாவதற்கு அளவுத் தாளைத் திருப்பிப் போடவேண்டும். நான் திருப்பிப் போடவில்லை.

அந்தப் பெண் இரண்டு துண்டுகளையும் தூக்கிப் பார்த்தாள்.

"மிஸ்... ரெண்டுமே லெஃப்ட் கை மிஸ்."

பக்கத்தில் இருந்தவள் சும்மா இருப்பாளா? "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானா உருளக்கெயங்கு போடச் சொன்னீங்க. இதுக்கு இன்னா மிஸ் போடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். மிச்சத் துணி இல்லை. பூந்தமல்லிக் கடைகளில் தேடினால் நிறம் கிடைக்கலாம், அந்தக் கரை கிடைக்காது. என் கவனக்குறைவால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்கப்போகிறது. பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு நான் வந்திருக்கவே கூடாதோ?

நான் இப்படிக் குழம்பிக்கொண்டிருக்க, அந்தப் பெண் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், மஞ்சத்துணி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கீது. கரைக்குத்தான் உள்பக்கம் நூலு நூலா தெரியுது. ஒரு கைல கரைய மட்டும் வெட்டி எடுத்துட்டு துணியத் திருப்பிக்கலாம். அப்பால கரைய நேர்ப்பக்கமா வச்சு தச்சிடலாம்."

"கை நீளம் குறையுமே?"

"தையலுக்குப் போறது கொஞ்சம்தான் மிஸ். இன்னொரு கையிலயும் அதேமாரி பண்ணிட்டா சமமாயிடும்."

சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது தோன்றவில்லை. கத்தரியை அவளிடமே கொடுத்தேன். கோணாமல் வெட்டினாள். தைத்து முடித்தபோது, கரை சேர்ந்த இடத்தை நானே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விசேஷம் முடிந்த அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். ஜாக்கெட்டைப் பார்த்துத் தம்பி மனைவி எந்தக் கடை என்று கேட்டாளாம். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மனது கேட்காமல், தவறாக வெட்டியது நான், சரிசெய்தது உங்கள் மகள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ ஒண்ணு பண்ணலாம் மிஸ்ஸு. கம்பெனிக்கு என்கூட நீங்க வாங்க, கிளாஸ இவ எடுக்கட்டும்." சிரித்துவிட்டு மகளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "போடி, போய் உக்காரு. சாயங்காலம் நேரா ஊட்டுக்கு வந்துடணும்."

அன்று மாலை பேருந்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டே கணவருக்கு போன் செய்து, கரை, கை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"யார் பொண்ணு அது?" என்றார்.

"என் ஸ்டூடண்ட்" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.